வியாகுலப் பிரசங்கமும் மக்கள் பக்தியும்

கிறிஸ்தவ விசுவாசத்தை ஆராய்வோர் பெரும்பாலும் திருச்சபையின் கோட்பாடுகளையும் குருமாரின் பணிகளையுமே ஆதாரமாகக் கொள்கின்றனர். அவ்விசுவாசம் சாதாரண மக்களின் நாளாந்த வாழ்வில் எவ்வாறு வேரூன்றியது என்ற வினா அருகியே எழுப்பப்படுகின்றது. இதற்கு விடைகாணும் நோக்குடன், ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே தபசு காலத்தில் நிகழ்ந்துவரும் வியாகுலப் பிரசங்க வாசிப்பை இங்கு நோக்குவோம்.

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. புரட்டஸ்தாந்தரான அவர்கள் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றி, அவர்தம் வழிபாட்டையும் தடைசெய்தனர். 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், மக்கள் தாமே மறைவாகத் தம் விசுவாசத்தைப் பேணவேண்டியிருந்தது. அவரைத் தொடர்ந்து 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். இயேசுவின் பாடுகளைக் கூறும் வியாகுலப் பிரசங்கம் அவர் தமிழுக்கு அளித்ததாகும்.

இந்நூல் வாசிக்கப்படும் முறையே எமது கவனத்திற்குரியது. தபசு காலத்து மாலைகளில் குரல்வளமும் பயிற்சியும் வாய்ந்த ஊரவர் இதனை இரங்கல் இசையில் வாசிப்பர். கூடியிருப்போர் உருகிச் செவிமடுப்பர். வாசிப்போர் குருமார் அல்லர்; தொழில் செய்து வாழும் பொதுநிலையினரே. மகனை இழந்த மரியாளின் புலம்பலில், செத்தவீட்டு ஒப்பாரியைக் கேட்டுப் பழகிய செவிகள் தம் துயரத்தையே இனங்கண்டன. பீடத்திலே பூசை இலத்தீனில் நிகழ்ந்த காலத்தில், இயேசுவின் மரணம் மக்களுக்குத் தமிழில் நிகழ்ந்தது இத்தகைய வாசிப்புகளிலேயே எனலாம். இறையியல் இங்கு கோட்பாடாக அன்றிப் பகிரப்பட்ட துயரமாக உணரப்பட்டது.

எனினும் இப்பக்தியின் எல்லையையும் நாம் மறைத்தல் தகாது. யாழ்ப்பாணச் சமூகத்தின் சாதியமைப்பு கோயில் வாசலோடு நின்றுவிடவில்லை. இருக்கை ஒழுங்கிலும் அது புகுந்திருந்தது. சிலுவையின் கீழ் ஒன்றாக அழுதோர் கோயிலினுள் ஒன்றாக அமர மறுத்தனர். துயரத்தைப் பகிர்தல் தானாகவே சமத்துவத்தைப் பிறப்பிப்பதில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) தாய்மொழி வழிபாட்டுக்கு வழிதிறந்தது. தமிழ் பீடத்தை அடைந்தமை பெரும் பேறே. ஆயினும் வழிபாட்டு மொழி மாறுவதும் வழிபாடு மக்கள் கைக்கு வருவதும் ஒன்றல்ல. தமிழில் நிகழும் வழிபாட்டிலும் மக்கள் வெறுமனே கேட்போராக இருந்துவிடல் கூடும். தாமே பயின்று, தாமே வாசித்து, தாமே அழுத மரபை இழப்பின், கோயிற் சமூகம் தன் குரலையே இழந்ததாகும்.

1995 யூலை 9இல் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர் விமானக் குண்டுவீச்சில் மடிந்தனர். அத்தகைய அழிவுகளைக் கண்ட மக்களுக்குத் தாயின் புலம்பல் பழங்கதையாக இருத்தல் இயலாது. அப்புலம்பல் அவர்களுக்கு ஆறுதல் அளிப்பதோடு அமையுமா, அன்றி அநீதியையும் தம்முள் நிலவும் ஏற்றத்தாழ்வையும் வினவும் துணிவைத் தருமா என்பதே முதன்மையான வினாவாகும். நாளாந்த ஆன்மிகத்தின் உண்மை மதிப்பு இவ்வினாவுக்குக் கோயிற் சமூகம் தன் வாழ்வால் அளிக்கும் விடையிலேயே தங்கியுள்ளது என்பது எமது துணிபு.