கண்ணீர்த்துளி வண்டியின் பின்கதவு

அமெரிக்க நாட்டில், காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் சிறு படுக்கை வண்டி ஒன்று உண்டு. பக்கவாட்டில் நோக்கின் கண்ணீர்த்துளியின் வடிவம் புலப்படுவதால் அப்பெயராலேயே அதனை வழங்குகின்றனர். 1930களில் தோன்றிய இவ்வண்டி இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெரிதும் பரவிற்று. மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் என்னும் இதழ் 1947இல் இதன் செய்முறைப் படங்களை வெளியிட்டது. எளிய குடும்பத்தினர் தம் வீட்டு முற்றத்திலேயே இதனைச் செய்துகொள்ளும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

நான்கடி அகலம், எட்டடி நீளம். இருவர் படுக்கலாம், நிமிர்ந்து நிற்க இயலாது. அடுக்களையோ வண்டியின் வால்புறத்தில், மேல்நோக்கித் திறக்கும் வளைந்த கதவின் கீழ் அமைந்துள்ளது. கைதேர்ந்தவரையும் திணறச் செய்வது இக்கதவுதான்.

மெல்லிய மரப்பட்டிகளைப் பசையிட்டு அடுக்கி, அச்சில் வளைத்து, விலா எலும்பு போன்ற சட்டங்களை ஆக்குவர். அச்சிலிருந்து எடுத்ததும் சட்டம் சிறிது நிமிர்ந்துவிடும். வளைத்த மரத்தின் இப்பிடிவாதத்தை மரக்கலத் தச்சரும் நன்கறிவர். ஆதலின் அச்சின் வளைவைத் தேவைக்குச் சற்று மிகுதியாகவே அமைத்தல் வேண்டும். கதவைத் தனியே செய்து பின்னர் பொருத்துவதினும், பக்கச் சுவர்களையே அளவாகக் கொண்டு வண்டியின் மீதே கட்டுவது நன்று என்பேன்.

அடுத்த பகை மழை. கூரையில் விழும் நீர் நேரே கீலை நோக்கியே வழிகிறது. சாதாரணக் கீல் இதற்குப் பயன்படாது. ஒன்றன் விளிம்பு மற்றொன்றினுள் சுருண்டு புகும் இரு அலுமினியப் பட்டைகளை முழு அகலத்திற்கும் பொருத்துவர். கதவின் விளிம்பெங்கும் ரப்பர் பட்டையும், அதனையும் மீறி வரும் நீர் வெளியேறச் சிறு வடிகாலும் தேவை. ஒட்டுப்பலகையின் வெட்டுமுனைகளில் வார்னிஷ் பூசாது விட்டால், நீர் புகுந்து அடுக்கடுக்காய்ப் பிரிந்துபோகும்.

கதவைத் தாங்கும் வாயுத் தண்டுகளை முன்கூட்டியே வாங்கிவிடலாகாது. முடிந்த கதவின் எடையை அறிந்த பின்னரே வாங்குக. வலிமை மிகுந்த தண்டு கதவையே வளைத்துவிடும்.

இங்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மழைக்கு அஞ்சிக் கதவை மூடிக்கொண்டு அடுப்பெரித்தல் ஆகவே ஆகாது. கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது; உறங்குவோரை எழுப்பாமலே கொல்ல வல்லது.

அடுக்களைத் தட்டுகளைப் பொருத்துமுன் ஒரு சோதனை உண்டு. ஒருவர் வெளியே நின்று குழாயால் நீரைப் பொழிய, மற்றொருவர் உள்ளே விளக்குடன் அமர்ந்து, கசியும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்வார்.