துணியில் செய்த வானம்

காசியின் பழைய வீடுகளில் முற்றத்துக்கு வெயில் நேராக இறங்குவது அபூர்வம். சுவர்கள் அவ்வளவு உயரம். மேலே தெரியும் வானத்துண்டுதான் அங்கே விளக்கு. அந்த வெளிச்சத்தில் நிற்பவருக்கு நிழல் விழாது. விழுந்தாலும் அதன் ஓரம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது.

‘அபராஜிதோ’ (1956) படத்துக்கு சத்யஜித் ரே கேட்டது இந்த வெளிச்சத்தைத்தான். முற்றத்தைத் திறந்தவெளியில் செட் போடுவதாக முதலில் யோசனை. மழைக்குப் பயந்து, கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா அதைக் கல்கத்தாவில் ஸ்டூடியோவுக்குள் கட்ட வேண்டியதாயிற்று. சிக்கல் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவின் தலையில் வந்து விழுந்தது.

ரேயின் முதல் படமான ‘பதேர் பாஞ்சாலி’யைத் தொடங்கியபோது மித்ரா இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் வங்காளத்தில் ‘தி ரிவர்’ எடுத்தபோது ஓரமாக நின்று, எந்த விளக்கு எங்கே இருக்கிறது என்று படம் வரைந்து குறித்துக்கொண்டதுதான் அவருடைய படிப்பு. அப்படிப்பட்டவர் ரேயிடமும் பன்சியிடமும் அடித்துச் சொன்னார்: ஸ்டூடியோவில் இது நடக்காது.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஸ்டூடியோ விளக்கின் முகம் சிறியது. ஆள் குறுக்கே நின்றால் நிழல் கத்தரித்தாற்போல் விழும். நாலு விளக்கு வைத்தால் நாலு நிழல். வானமோ பரந்தது. ஒரு மூலையிலிருந்து வரும் ஒளியை ஆள் மறைத்தால், அந்த இடத்தை வேறொரு மூலையின் ஒளி நிரப்பிவிடும். நிழல் கூர்மையாக விழுமா, கரைந்துபோகுமா என்பதைத் தீர்மானிப்பது விளக்கின் பலம் அல்ல, நாம் நிற்கும் இடத்திலிருந்து அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதே. மேகம் மூடிய பகலில் நம் நிழல் காணாமல் போவதும் இதனால்தான்.

ரே விட்டுக்கொடுக்கவில்லை. மித்ரா வெள்ளைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, முற்றத்துக்கு மேலே கூரைபோல் விரித்தார். விளக்குகளை நடிகர்கள் பக்கம் திருப்பாமல், கீழிருந்து அந்தத் துணியின் மேல் அடித்தார். துணி கண்ணாடி அல்ல. பட்ட ஒளியை ஒரே திசையில் திருப்பாமல் எல்லாப் பக்கமும் சிதறவிடும். துணி முழுவதும் விளக்காகிவிட்டது. வெளிச்சத்தில் பெரும்பங்கு வழியிலேயே வீணாகும் என்பது உண்மை. ஆனால் படத்தில் தெரிவது காசியின் பகல். இன்று நம்மூர்ப் படப்பிடிப்பில் முகத்தருகே தெர்மாகோல் அட்டையைப் பிடித்து நிற்பவர் செய்வதும் இதே வேலைதான்.

மித்ரா முதலிலேயே தலையாட்டியிருந்தால் நாலைந்து விளக்கோடு காரியம் முடிந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. முடியாது என்று மல்லுக்கட்டியவருக்குத்தான் தடை எங்கே இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்திருந்தது.

எல்லா மல்லுக்கட்டும் இப்படி முடியவில்லை. ‘சாருலதா’ (1964) காலத்திலிருந்து கேமராவை இயக்கும் வேலையை ரே தானே எடுத்துக்கொண்டார். ஒளியமைப்பு மட்டும் மித்ராவிடம் இருந்தது. ‘நாயக்’ (1966) படத்தோடு இருவரும் பிரிந்தார்கள். அடுத்து வந்த படங்களில் பலவற்றுக்கு ஒளி அமைத்தவர் மித்ராவின் உதவியாளராக இருந்த சௌமேந்து ராய். கேமராவை ரே அவரிடமும் விட்டுத்தரவில்லை.