எல்லை மாற்றங்களும் வம்சாவளித் தேடலும்

எமது பிள்ளைகளுக்கு வம்சாவளி மரம் ஒன்றை வரைந்து கொடுக்கும் ஆர்வம் புலம்பெயர்ந்த எம்மவரிடையே பெருகிவருகிறது. நல்ல விடயம்தான். ஆனால் இத்தேடலில் இறங்குபவர்கள் பெரும்பாலும் தடக்கி விழுவது மூதாதையரின் பெயர்களில் அல்ல, ஊர்களில். இன்று அவ்வூர் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அங்கேயே ஆவணத்தைத் தேடுகிறார்கள். ஆவணம் எழுதப்பட்ட ஆண்டில் அவ்வூர் எந்த நிர்வாகத்தின் கீழ் இருந்தது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

எனது அனுபவம் ஒன்று. நான் 1970இல் பளையில் பிறந்தேன். எனது கடைசித் தங்கை 1985இல் அதே பளையில் பிறந்தாள். சில ஆண்டுகளுக்கு முன் இங்குள்ள ஓர் அலுவலகத்தில் எமது பிறப்புச் சான்றிதழ்களை அருகருகே வைத்துப் பார்த்த அதிகாரி, “உங்கள் குடும்பம் எந்த ஆண்டு இடம்பெயர்ந்தது?” என்று கேட்டார். எனது சான்றிதழில் யாழ்ப்பாண மாவட்டம். அவளுடையதில் கிளிநொச்சி மாவட்டம். பிற்காலத்தில் எத்தனையோ தடவை இடம்பெயர்ந்தோம். ஆனால் அந்தப் பதினைந்து ஆண்டுகளில் நாங்கள் வீட்டைவிட்டு அசையவில்லை. 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாக்கப்பட்டபோது பளையும் அதற்குள் போயிற்று, அவ்வளவுதான். வரலாறு படிப்பித்த எனக்கே இதை அவருக்கு விளங்கவைக்க இரண்டு கடிதங்கள் தேவைப்பட்டன.

பளை அடங்கிய பச்சிலைப்பள்ளி, வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி ஆகியவற்றோடு குடாநாட்டின் பழைய பிரிவுகளுள் ஒன்று. எனவே ஒல்லாந்தர் காலப் பதிவுகளில் பளையாரைத் தேடுபவர் யாழ்ப்பாணத்தின் கீழேயே தேடவேண்டும். இப்படிப் பல இடங்கள். கல்முனையும் அக்கரைப்பற்றும் 1961இல் அம்பாறை மாவட்டம் பிரிக்கப்படும்வரை மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்தன. முல்லைத்தீவு மாவட்டம் 1978இல் உருவாக்கப்படும்வரை அதன் பெரும்பகுதி வவுனியாவோடு இருந்தது. அநுராதபுரத்தை உள்ளடக்கிய நுவரகலாவிய, 1873இல் வடமத்திய மாகாணம் அமைக்கப்படும்வரை வடமாகாணத்தின் பகுதி.

இது எமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. நான் வேலைசெய்யும் தொழிற்சாலையில் ஒரு ஜேர்மன் நண்பர் தமது பாட்டியின் ஊரைத் தேடிக்கொண்டிருக்கிறார். பாட்டியின் பிறப்புப் பதிவில் மார்க்கிராபோவா. திருமணப் பதிவில் ட்ரொய்புர்க். இரண்டும் ஒரே ஊர். கிழக்குப் பிரஷியாவில் 1920இல் நடந்த வாக்கெடுப்பில் ஜேர்மனியின் பக்கம் நின்ற அந்த ஊருக்கு 1928இல் ‘விசுவாசக் கோட்டை’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். 1945க்குப்பின் அது போலந்தின் ஒலெக்கோ. பிரஷியாவில் குடிசார் பதிவு 1874இல் தொடங்கியது. ஆனால் இழந்த கிழக்குப் பகுதிகளின் ஏடுகளில் ஒருபகுதி பேர்லினின் முதலாம் பதிவகத்திலும், ஒருபகுதி போலந்தின் அரச சுவடிக்கூடங்களிலும் கிடக்க, மிகுதி போரில் அழிந்துபோயிற்று. ஜேர்மன் ஆய்வாளர்கள் இதனால் முதலில் 1912-13இல் வெளிவந்த மேயர் ஊர் அகராதியைப் புரட்டி, அன்று அவ்வூர் எந்தப் பதிவகத்துக்கு உட்பட்டிருந்தது என்று பார்க்கிறார்கள். நாமும் பழைய நில அளவைத் திணைக்களத்தின் ஓரங்குல வரைபடங்களிலிருந்து தொடங்கலாம்.

இதில் வெறும் ஆவணச் சிக்கலுக்கு அப்பாலும் ஒன்று உண்டு. “நாங்கள் யாழ்ப்பாணத்தார், அவர்கள் வன்னியார்” என்ற பேச்சு புலத்திலும் ஓயவில்லை. கலியாணப் பேச்சுக்களில் அதன் குரூரத்தைக் காணலாம். 1983இல் யாழ்ப்பாண மாவட்டத்தாராக இருந்த பளையார் மறுவருடம் கிளிநொச்சியார் ஆனார்கள். அவர்களுடைய இரத்தத்தில் என்ன மாறியது? ஓர் அரசாங்கக் கடதாசியில் நகர்ந்த கோட்டின்மேல் குலப்பெருமையைக் கட்டுவது எவ்வளவு அபத்தம்! தோம்புகளும் எமது பெருமையைப் பாட எழுதப்பட்டவையல்ல. யாரிடம் எவ்வளவு வரியும் ஊழியமும் அறவிடலாம் என்று கணக்கிட எழுதப்பட்டவை. காணியுள்ளவனின் பெயர் அங்கே தெளிவாக இருக்கும். காணியற்றவனின் பேரன் தேடினால் பல இடங்களில் வெறுமையே கிடைக்கும். அந்த வெறுமையும் வரலாறுதான். அதை மரத்தில் மறைக்காமல் விட்டுவைப்பதே நேர்மை.

ஆகவே, மூத்தவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். ஊரின் பெயருக்குப் பக்கத்தில் ஆண்டையும், அவ்வாண்டில் அது எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதையும் குறியுங்கள். குறிச்சி, குளம், கோயில் ஆகியவற்றின் பெயர்களையும் சேருங்கள். மாவட்ட எல்லை இன்னொரு தடவை மாறினாலும் உங்கள் பேரப்பிள்ளை அவற்றை வைத்து ஊரைக் கண்டுபிடித்துவிடும்.