பிள்ளை இருந்தால் வெல்பேர் இல்லையா?

கெமாஸ் என்றதும் ரயில்தான் நினைவுக்கு வரும். தும்பாட்டுக்குப் போகும் கிழக்குக் கரைப் பாதை இங்கேதான் பிரிகிறது. சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகள் இந்த நிலையத்தில் ரயிலேறி கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் வேலைக்குப் போனார்கள். தாத்தா பாட்டிகள் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அப்படித் தனியாக இருக்கும் ஒருவருக்குச் சாப்பாடும் துணையும் எந்த வழியாக வருகின்றன, ஏன் பல நேரம் வருவதில்லை என்பதைத் தேநீர் ஆறுவதற்குள் பேசிவிடலாம்.

முதலில், இவர்கள் கையில் ஏன் காசு இல்லை? ரப்பர் மரம் சீவியவருக்கும் செம்பனைக் குலை வெட்டியவருக்கும் அரசாங்க ஊழியருக்குப் போல மாதப் பென்ஷன் கிடையாது. 1951இல் வந்த ஊழியர் சேமநிதிதான் உண்டு. அதை 55 வயதில் மொத்தமாக எடுத்துவிடலாம். தினக்கூலியில் பிடித்த பணம் எவ்வளவு சேர்ந்திருக்கும்? மகள் கல்யாணத்துக்கோ தாமானில் ஒரு மலிவுவிலை வீட்டுக்கோ அது போயிருக்கும். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம்; வேலை முடிந்தால் அதையும் காலி செய்ய வேண்டும். லயத்தில் ஒரு வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். தாமானில் அப்படித் தெரிவதில்லை.

இனி உதவிக்கு வருவோம். அடுக்குத் தூக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் சோறு, ஒன்றில் குழம்பு, இன்னொன்றில் கறி. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் நிரப்ப வேண்டும். முதியோர் உதவியிலும் பணம், ஆள், தாதி, சாப்பாடு என நான்கு தட்டுகள் உண்டு. ஒன்றைக் கேட்டு வாங்கினால் மற்ற மூன்றும் தானாக வந்துவிடாது. ஒன்று மறுக்கப்பட்டாலும் மற்ற மூன்றும் போய்விட்டன என்று பொருளல்ல.

பணத்தைக் கொடுப்பது ஜேகேஎம் என்ற சமூக நல இலாகா. நம் பேச்சில் வெல்பேர். படிவத்தில் ‘பந்துவான் வார்கா எமாஸ்’ என்றிருக்கும். 60 வயது நிரம்பிய, வருமானம் இல்லாத, முதியோர் இல்லத்தில் தங்காத குடிமக்களுக்கானது. 2021இல் மாதம் 350 ரிங்கிட்டிலிருந்து 500 ஆனது. 2025இல் 600 ஆனது.

இங்கேதான் ஏறக்குறைய எல்லாரும் ஓரிடத்தில் தடுக்கி விழுகிறோம். “எனக்குத்தான் மூணு பிள்ளைங்க இருக்காங்களே, வெல்பேர்ல எப்படிக் கொடுப்பாங்க?” என்று சொல்லி, படிவத்தைத் தொடாமலே இருந்துவிடுகிறவர்கள் ஏராளம். விதி அப்படிச் சொல்லவில்லை. குடும்பம் இல்லாதவர், அல்லது குடும்பம் இருந்தும் அவர்களால் தாங்க முடியாதவர் என்பதே விதி. பிள்ளை இருக்கிறாரா என்பதோடு கேள்வி முடிவதில்லை. வாடகை, கடன், பள்ளிச் செலவு எல்லாம் போக அவரால் பெற்றவரையும் பார்க்க முடிகிறதா என்பதே கேள்வி. தொழிற்சாலையில் அடிப்படைச் சம்பளம் வாங்கும் மகன் இருக்கிறார் என்பதற்காக மட்டும் தாயின் விண்ணப்பம் தள்ளப்பட வேண்டியதில்லை.

அப்படியானால் ‘வாரிசு இருக்கக் கூடாது’ என்ற பேச்சு அடியோடு பொய்யா? அதுவும் இல்லை. அந்த நிபந்தனை வேறோர் இடத்துக்கு உரியது. ‘ரூமா ஸ்ரீ கெனாங்கான்’ என்னும் அரசாங்க முதியோர் இல்லத்தில் சேர வாரிசு இருக்கக் கூடாது. தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் தெம்பும் வேண்டும். நமக்கு அருகில் சிரம்பானில் ஒன்று இருக்கிறது. இல்லத்தின் விதியைக் கொண்டுவந்து உதவித்தொகைக்குப் பூட்டிவிடுகிறோம், அவ்வளவுதான்.

இரண்டாவது தட்டு, ஆள். ஜேகேஎம்மின் வீட்டு உதவிச் சேவையில் தொண்டர் ஒருவர் தனியே இருக்கும் முதியவரை வீடு தேடி வந்து பார்ப்பார். பேச்சுத்துணையாக இருப்பார், சாமான் வாங்கித் தருவார், கிளினிக்குக்குக் கூட்டிப்போவார், வீட்டைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்துவார். அவர் சம்பளத்துக்கு வரும் வேலைக்காரர் அல்லர். தினமும் வந்து சமைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. மூன்றாவது, தாதி. படுக்கையில் கிடப்பவர்களுக்குச் சுகாதார அமைச்சின் குழு வீட்டுக்கே வந்து புண்ணுக்குக் கட்டுப் போடும் சேவை உண்டு; மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ கேட்க வேண்டும். படுக்கையில் இருப்பவரைப் பராமரிக்கும் குடும்பத்துக்குத் தனி உதவித்தொகையும் உண்டு.

நான்காவது, சாப்பாடு. தினமும் சூடாகக் கொண்டுவந்து கொடுக்கும் இலாகா எதுவும் இல்லை; இதை ஊர்தான் செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சக்கர நாற்காலியில் வாழ்ந்த டோரிஸ் டெய்லர் 1953இல் வீடு தேடிச் சாப்பாடு கொடுக்கும் அமைப்பைத் தொடங்கினார். முதியவர்கள் இல்லங்களுக்குப் போகாமல் தம் வீட்டிலேயே வாழ வேண்டும் என்பதே அவர் நோக்கம். சாப்பாடு கொண்டுபோகிறவர் கதவைத் தட்டுகிறார், ஒரு முகத்தைப் பார்க்கிறார். நேற்று விழுந்தவரை இன்று கண்டுபிடிப்பது அவர்தான். கோயில் அன்னதானம் திருவிழாவுக்கும் வெள்ளிக்கிழமைக்கும் போதும். வாரத்தின் மற்ற நாட்களுக்கு, ஆறு வீடுகள் வீட்டுக்கொரு நாள் என்று பிரித்துக்கொண்டால் ஒரு பாட்டியின் வாரம் நிறைந்துவிடும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: சர்க்கரையா, இரத்த அழுத்தமா? சோற்றையும் உப்பையும் அதற்கேற்ப அளக்க வேண்டும்.

கடைசியாக, எங்கே போவது? கெமாஸ் தம்பின் மாவட்டத்தில் இருப்பதால் விண்ணப்பம் தம்பின் சமூக நல அலுவலகத்துக்குப் போகும். ஊரின் மறுபாதியான கெமாஸ் பாரு ஜொகூர் மாநிலம். அங்கிருப்பவர் சிகாமட்டுக்குப் போக வேண்டும். வீடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள், ஒரு நடை மிச்சமாகும். போக முடியாதவருக்கு 15999 என்ற ‘தாலியான் காசே’ உதவித் தொலைபேசி எண் இருக்கிறது. அக்கம்பக்கத்தாரும் கூப்பிட்டுச் சொல்லலாம்.

படிவத்தில் பிள்ளைகளை மறைக்காதீர்கள். அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரிப்பார். அவர்கள் பெயரையும் எழுதுங்கள், சம்பளத்தையும் எழுதுங்கள். கிடைக்குமா கிடைக்காதா என்பதை அலுவலகம் முடிவு செய்யட்டும். நாமே வீட்டில் உட்கார்ந்து ‘கிடைக்காது’ என்று தீர்ப்பு எழுத வேண்டாம்.