காணாத பிராணிக்குச் சித்திரம்

யானையைச் சித்திரமாக எழுத விரும்புகிறவர் கோயில் வாசலில் போய் நின்றால் போதும். திமிங்கிலத்தை எழுத விரும்புகிறவர் எங்கே போவது? நெடுங்காலம் அவருக்கு அகப்பட்டதெல்லாம் கரையொதுங்கிய பிணந்தான். செத்த திமிங்கிலத்தின் உடலில் வாயு நிரம்பித் தொண்டை மடிப்புகள் பைபோல் உப்பிவிடும். அதைப் பார்த்தவர்கள், உயிருள்ள நீலத் திமிங்கிலமும் அப்படியே ஊதிப் பருத்திருக்கும் என்று எழுதிவிட்டார்கள். உண்மையில் அது தோணிபோல் ஒடுங்கி நீண்ட மேனியுடையது.

நியூயார்க் நகரத்து இயற்கைப் பொருட்காட்சிச் சாலையில் 1969-இல் 94 அடி நீளமுள்ள நீலத் திமிங்கில உருவம் ஒன்று தொங்கவிடப்பட்டது. 1925-இல் செத்துக் கிடந்த திமிங்கிலத்தின் புகைப்படங்களே அதற்கு ஆதாரம். 2003-இல் அதன் பிதுங்கிய கண்களைத் திருத்தினார்கள், தொப்புளும் வைத்தார்கள். தாய் வயிற்றில் பிறக்கும் பிராணிக்குத் தொப்புள் வைக்க முப்பது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று!

இன்றும் வாழும் பிராணிக்கே இந்தக் கதியென்றால், மாண்டு மண்ணானவற்றைப் பற்றிக் கேட்பானேன்? சுமார் 5 கோடி வருஷங்களுக்கு முன், இன்று பாகிஸ்தான் எனப்படும் பிரதேசத்தில் வாழ்ந்த 'பாகிசீட்டஸ்' திமிங்கிலத்தின் பூர்விக உறவு. 1981-இல் அதற்குப் பெயரிட்டபோது, கிடைத்திருந்தவை மண்டையோட்டின் ஒரு பகுதியும் பற்களும் தாடைத் துண்டுகளுமே. தலையை மட்டும் எழுதி நிறுத்தினால் பத்திரிகைக்காரர் விடுவாரா? ஆகவே 1983-இல் வெளியான சித்திரத்தில் அது கடல்நாய்போல் நீரில் பாய்ந்தது. 2001-இல் உடலெலும்புகளின் விவரம் வந்தது. ஓநாயளவு உடல், நீண்ட மெல்லிய கால்கள்! பிறகு எலும்புகள் கனத்திருப்பதைக் கண்டு, ஆழமில்லாத நீரில் கால் ஊன்றி நடந்திருக்கும் என்றார்கள். சித்திரம் மறுபடி மாறிற்று.

அந்தச் சித்திரக்காரரை நாம் பழிக்கவில்லை. ஆனால் எலும்பு கிடைக்காத பாகத்தை வேறு வர்ணத்தில் காட்டியிருக்கலாம் என்பது நமது அபிப்பிராயம். நம் வீட்டுக் குழந்தைகள் படத்தில் கண்டதையெல்லாம் நம்பிவிடுகிறார்கள் அல்லவா?

இந்த ஆராய்ச்சியில் நம் தேசத்துக்கும் பங்குண்டு. ரங்கராவ் என்ற இந்தியப் பூகர்ப்ப சாஸ்திரி காஷ்மீரப் பகுதியில் சேகரித்த கற்களை, அவர் காலமான பின் அவருடைய மனைவியார் தெவிசன் என்ற விஞ்ஞானியிடம் ஒப்படைத்தார். கல்லுக்குள் இருந்தது, ரங்கராவே 1971-இல் 'இந்தோஹியஸ்' எனப் பெயரிட்ட சிறு பிராணியின் மண்டையோடு. அது தற்செயலாக உடைந்தபோது, திமிங்கிலத்துக்கே உரியதென்று கருதப்பட்ட தடித்த காதெலும்பு வெளிப்பட்டது! 2007-இல் இச்செய்தி வெளியாயிற்று. இப்போது அதை நம் காட்டுச் சருகுமானின் சாயலில் எழுதுகிறார்கள். இம்முறை காலெலும்புகளும் கைவசம் இருந்தன. தோலின் நிறம் மட்டும் சித்திரக்காரரின் ஊகமே.