கசிவுக்குக் காரணம் மாத்திரையாகவும் இருக்கலாம்

இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறது என்று ஒரு பெண் சொன்னால், வயதைக் கேட்பார்கள், எத்தனை பிரசவம் என்று கேட்பார்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்?

பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான். அதை மூடி வைக்க உள்ளே தானாக இயங்கும் மென்தசை, வெளியே நாமாக இறுக்கக்கூடிய தசை, இவற்றோடு மெத்தென்ற உட்படலம். மூன்றையும் மருந்து தொட்டுப் பார்க்கும்.

மென்தசையில் ஆல்ஃபா-1 என்ற ஏற்பிகள் உண்டு. நார்அட்ரினலின் என்ற நரம்பு ரசாயனம் அவற்றில் வந்து ஒட்டினால் தசை இறுகும். வம்பு என்னவென்றால், ரத்தக் குழாய்ச் சுவரிலும் இதே ஏற்பிகள்தான். பிரசோசின், டாக்சசோசின் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் இவற்றை அடைத்துவிடுகின்றன. அழுத்தம் இறங்குகிறது, கூடவே சிறுநீர்க் குழாயும் தளர்கிறது. புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்கு இதே தளர்வுதான் சிகிச்சை! மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎஃபெட்ரின் இதற்கு நேர் எதிர். தசையை இறுக்கும், சிலருக்குச் சிறுநீர் பிரிவதே சிரமமாகிவிடும். ரத்த அழுத்தத்துக்கே தரும் எனலாபிரில், ராமிபிரில் வகை இந்தத் தசையைத் தொடுவதே இல்லை. ஆனால் வறட்டு இருமலைக் கிளப்பிவிடும், ஒவ்வொரு இருமலுக்கும் கசியும்.

வெளித்தசைக்கு உத்தரவு வருவது தண்டுவடத்தின் அடிப்பகுதியில் இருக்கும் ஓனுஃப் கரு என்ற நரம்பணுக் கூட்டத்திலிருந்து. அங்கே செரட்டோனினும் நார்அட்ரினலினும் கூடினால் தசை வலுவாக இறுகும். மனச்சோர்வுக்கான டுலோக்செடின் இரண்டையும் கூட்டுவதால், 2004இல் ஐரோப்பா அதைக் கசிவுக்கும் அனுமதித்தது. அமெரிக்காவில் அந்த அனுமதி இல்லை. குமட்டல் தாங்காமல் பாதியில் விட்டவர்கள் நிறைய.

உணர்வும் மாறும். ஃபெனாசோபிரிடின் உட்படலத்தை மரக்கச் செய்து எரிச்சலைத் தணிக்கும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் எரிச்சலுக்குக் காரணம் தொற்று என்றால் கிருமி அப்படியே இருக்கும். மார்ஃபின் வகை வலிநிவாரணிகள், சிறுநீர்ப்பை நிறைந்ததே தெரியாமல் செய்துவிடும்.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து உட்படலம் மெலிகிறது. யோனியில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் இதற்கு உதவும். அதையே மாத்திரையாக விழுங்கியவர்களுக்கோ கசிவு கூடியதாக அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்று 2005இல் காட்டியது.

கசிவு தொடங்கிய சமயத்தில் புதிதாக ஏதாவது மாத்திரை சேர்ந்ததா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். அட்டைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். பெரும்பாலும் மாற்று மருந்து இருக்கும்.