காளானுக்கும் உண்டு ஆடிட்டிங்!

மழை விட்டு ரெண்டு நாள். ஊருக்குப் போய் வந்த நண்பர் திங்கட்கிழமை டிபன் பாக்ஸைத் திறக்கிறார். புற்றுக்காளான் குழம்பு! அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் மொத்தமும் அவர் மேஜையைச் சுற்றி. "தோட்டத்துல தானா முளைச்சுது சார்" என்கிறார். நீங்களும் பையோடு கிளம்புமுன்... ஒரு நிமிஷம்!

அது தானா முளைத்ததல்ல. முதலாளி உண்டு: கறையான்! காய்ந்த இலை, கட்டையை மென்று வந்து, மண்ணுக்கடியில் பூஞ்சையைப் பயிர் செய்கிறது. மனுஷன் ஏர் பிடிப்பதற்குப் பல கோடி வருஷம் முன்பே ஆரம்பித்த விவசாயம். மழையில் மண் நனைந்ததும் அந்தப் பூஞ்சை வெளியே வந்து குடை விரிக்கிறது.

அடையாளமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. குடையை மட்டும் கிள்ளாதீர்கள். தோண்டுங்கள். பெரிய புற்றுக்காளானுக்கு, வேர் மாதிரி நீண்ட வால் கறையான் கூடு வரை போகும். அடியில் முட்டை ஓடு போல ஒரு கிண்ணம் இருந்தால் கையை எடுங்கள்! அது 'அமானிட்டா' கோஷ்டியாக இருக்கலாம். ஆளைக் கொல்லும் காளான்கள் அதில் உண்டு. கிள்ளி எடுத்தால் அந்தக் கிண்ணம் மண்ணிலேயே தங்கிவிடும். சாட்சி போச்சு!

அடுத்தது, குடை உச்சியில் கூரான குமிழ். மூன்றாவது, தூள் சோதனை. குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே டம்ளரை மூடி ராத்திரி விடுங்கள். காலையில் வெளிர் ரோஸ் நிறத் தூள் படிந்திருக்க வேண்டும். பச்சை என்றால் வயிற்றைப் புரட்டிப் போடும் விஷக் குடை. வெள்ளை என்றாலும் வேண்டாம்.

மூன்று வவுச்சரும் டேலி ஆகணும். ஒன்று உதைத்தாலும் என்ட்ரி கேன்சல்! டேலி ஆனாலும், வருஷக்கணக்காகப் பறித்துப் பழகிய உள்ளூர்ப் பெரியவர் பார்த்துத் தலையாட்டணும். அதுதான் ஆடிட்டர் கையெழுத்து.

வெள்ளி ஸ்பூன் கறுக்கும், பூண்டு நிறம் மாறும், பூச்சி தின்றால் நாமும் தின்னலாம், வேகவைத்தால் விஷம் போய்விடும்... எல்லாம் போலி ரசீது. அமானிட்டா விஷம் கொதித்தாலும் போகாது.

அது உடனே வேலையையும் காட்டாது. பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குப் பிறகுதான் வாந்தி, பேதி. மறுநாள் சரியானது போல இருக்கும். 'ஆஹா' என்று ஆபீஸ் கிளம்புவோம். உள்ளே கல்லீரல் அழுகிக்கொண்டிருக்கும்! 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். சந்தேகம் வந்த நிமிஷமே, மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

தப்பாப் போட்ட கணக்குக்கு ரிவர்ஸ் என்ட்ரி உண்டு சார். வயித்துக்குள்ள போன காளானுக்குக் கிடையாது!